அவர் பெயரில் இருந்ததெல்லாம்

என் கணவர் தவறியது 2023 மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலேயே. வயது 46. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். துக்கத்தைப் பற்றி எழுத வரவில்லை, அது அவரவர் பாடு. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததை எழுதுகிறேன். 23 தடவை போயிருக்கிறேன், நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடக் கேண்டீனில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் 50 வெள்ளி (ரிங்கிட்) போச்சு, அந்தக் கணக்கில் 1,150. ஓர் ஏஜென்டிடம் ஏமாந்தது 1,800. பஸ், பெட்ரோல், போட்டோஸ்டெட் என்று இன்னொரு 450. அவர் உயிரோடு இருந்தபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம் காகிதங்கள் வைத்திருந்த பெட்டியைத் திறந்து இருவரும் உட்கார்ந்திருந்தால் இதில் பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியை நான் திறந்ததே கிடையாது. "நான் பார்த்துக்கிறேன்மா" என்பார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அவர் இருந்த வரைக்கும்.

வீட்டில் இறந்தால் முதல் வேலை போலிஸ் நிலையம். ஆஸ்பத்திரியில் என்றால் அவர்களே காகிதம் தயார் செய்துவிடுவார்கள். வீட்டில் என்றால் போலிஸில் சொல்லி, அடக்கம் செய்யவோ தகனம் செய்யவோ 'பெர்மிட் மெங்குபூர்' வாங்க வேண்டும். போகும்போது இறந்தவருடைய ஐசி (அடையாள அட்டை), கிளினிக் அட்டை, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எங்கள் வீட்டில் கொழுந்தனார் வெறுங்கையோடு போய் "நெஞ்சு வலி" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தார். பிறகு வீட்டுக் கடன் காப்புறுதிக்காரர்கள் மரணத்துக்குக் காரணம் என்ன, முன்பே இருதய நோய் இருந்ததா, எந்த கிளினிக்கில் பார்த்தார் என்று கேட்டு, நான் அரசாங்க கிளினிக்கில் பழைய ரெக்கார்டு தேடி எடுக்க மூன்று தடவை நடந்தேன். அந்த அட்டை அன்றைக்குச் சாமி மேடைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

பெர்மிட் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஏழு நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் மரணத்தைப் பதிய வேண்டும். இங்கேதான் நம் வீட்டு வழக்கம் குறுக்கே வரும். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் பொம்பளை வாசல் தாண்டக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். கொழுந்தனாருக்கோ லீவு முடிந்துவிட்டது. நான்காம் நாள் கேண்டீனில் என்னோடு வேலை செய்கிற தோழி தன் மைவி காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "நீ வா, பேசுறவங்க பேசட்டும்" என்றாள். கோலகங்சாருக்குப் போனோம். பின்னால் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை. நாள் கடந்தால் விசாரணை, கூடுதல் காகிதம் என்று அது தனி அலைச்சல், அதனால் இதில் மட்டும் யார் முகத்தையும் பார்க்காதீர்கள்.

கவுண்டருக்குப் போகுமுன் அவருடைய ஐசியை முன்னும் பின்னும் பத்து போட்டோஸ்டெட் எடுத்துவிடுங்கள். மரணத்தைப் பதியும்போது அசல் ஐசியை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், அதன் பிறகு எல்லா இடத்திலும் நகல் கேட்பார்கள். இறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று பெயர், ஐசி எண், தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது படிக்க முடியாது என்றால் கூட வந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அப்பா பெயரில்தான் சிக்கல். முனியாண்டி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கில எழுத்தில் கடைசியில் ஒருவர் 'ஐ' போடுவார், ஒருவர் 'ஒய்' போடுவார். அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்தபடி எழுதியது, மூன்று தலைமுறைக் காகிதத்தில் மூன்று விதமாக நிற்கும். என் மாமனார் பெயர் அவருடைய ஐசியில் ஒரு விதம், என் கணவருடைய பிறப்புச் சூராட்டில், அதாவது பிறப்புச் சான்றிதழில், இன்னொரு விதம். சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பத்திரம் முடிக்கும் வரை நில அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை. உங்கள் வீட்டில் இப்போதே எல்லார் ஐசியையும் சூராட்டையும் வரிசையாக மேசையில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். உயிரோடு இருக்கிறவர் தன் பெயரைத் தானே போய்ச் சரிசெய்வது சுலபம்.

அவருடைய போன் நம்பரை உடனே வெட்டிவிடாதீர்கள். பில் மிச்சமாகட்டும் என்று மூத்த பையன் வெட்டப் போனான், நல்லவேளை தடுத்தேன். காப்புறுதி, கடன், லாரி கம்பெனி என்று எல்லாரும் அந்த நம்பருக்குத்தான் செய்தி அனுப்பினார்கள். மாதம் பத்து வெள்ளி ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருந்தேன். ஆனால் அந்தப் போனில் வருகிற டிஏசி எண்ணை (பேங்க் அனுப்பும் ரகசிய எண்) பார்த்து அவர் கணக்கிலிருந்து பணம் மாற்றுவது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

"பேங்குக்குத் தெரியறதுக்குள்ள ஏடிஎம்ல எல்லாத்தையும் எடுத்துடு" என்று இரண்டாம் நாளே மூன்று பேர் சொன்னார்கள். நானும் 1,500 எடுத்தேன். ஈமச்சடங்குக்குக் கையில் காசில்லை, வேறு வழி தெரியவில்லை. சட்டப்படி அவர் இறந்த நிமிடத்திலிருந்து அந்தப் பணம் வாரிசுகள் எல்லாருக்கும் பொதுவான சொத்து, மனைவியின் பணம் இல்லை. ஆறு மாதம் கழித்து அதே பேச்சு வந்தது. அன்றைக்கு எடுக்கச் சொன்னவர்களில் ஒருவரே "அந்த 1,500 எங்கே போச்சு" என்று கேட்டார். சவப்பெட்டிக் கடை, வண்டி வாடகை, ஐயருக்குக் கொடுத்தது என்று ரசீது வைத்திருந்ததால் அவர் வாயை அடைத்தேன். ஈமச் செலவு சொத்திலிருந்து முதலில் கழிக்கப்பட வேண்டிய செலவு, ஆகவே பத்து வெள்ளிச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். இதைவிட நல்லது, கணவர் பெயரிலும் உங்கள் பெயரிலும் தனித்தனிக் கணக்கு வைத்து, வீட்டின் இரண்டு மூன்று மாதச் செலவாவது உங்கள் கணக்கில் கிடப்பது. தனிப் பெயர்க் கணக்கு முடங்கினால் பிறகு சொத்துப் பங்கீட்டு உத்தரவு வரும் வரை திறக்காது.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோதான் எனக்கு முதலில் கை கொடுத்தது. ஈப்போ அலுவலகத்துக்கு இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் சூராட், என் ஐசி, பேங்க் கணக்குப் புத்தகம் எல்லாம் கொண்டுபோனேன். ஈமச் செலவுக்கு அப்போது 2,000 வெள்ளி கொடுத்தார்கள். அதைவிடப் பெரிது 'பென்சன் பெனாக்காட்'. வேலையில் அடிபட்டு இறக்காமல், சாதாரண நோயில் 60 வயதுக்குள் இறந்தாலும் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்சன் உண்டு. இது நம் பெண்கள் பலருக்குத் தெரியவே தெரியாது, விபத்துக்கு மட்டும்தான் சொக்சோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழு நிபந்தனை, இறப்பதற்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேலையில் சேர்ந்ததிலிருந்து கணக்குப் பார்க்கிற வேறு வழியும் உண்டு. ஒரு மாதம் குறைகிறது என்று நீங்களே முடிவு பண்ணித் திரும்பி வராமல் கவுண்டரில் எண்ணச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் என் கணவருக்கு வேலை விட்டு விட்டுத்தான் இருந்தது. அதிகாரி திரையைப் பார்த்து எண்ணிக்கொண்டே போனார், நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 26 வந்தது. மூன்று மாதம் குறைந்திருந்தால் இந்த வழியில் முழு பென்சன் இல்லை.

பென்சன் அவருடைய சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை. அதை ஐந்து பங்காக்கி மூன்று மனைவிக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு. எங்களுக்கு 1,060 வெள்ளி, அதில் எனக்கு 636, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 424. விண்ணப்பித்த நான்காம் மாதம் நிலுவையோடு சேர்ந்து வந்தது. இந்தக் கணக்கு முழுக்கச் சம்பளச் சீட்டில் காட்டிய சம்பளத்தை வைத்துத்தான். சில கான்ட்ராக்டர்கள் "சொக்சோ, ஈபிஎஃப் பிடிக்காம முழுசா கையில தர்றேன்" என்பார்கள் (ஈபிஎஃப் என்றால் ஊழியர் சேமநிதி), நம் ஆட்களும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். மாதம் கையில் கொஞ்சம் கூடக் கிடைக்கும், குடும்பத்துக்கு ஆயிரம் வெள்ளி பென்சன் போகும். கணவர் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

அந்தக் கவுண்டரில் அவர்கள் முதலில் கேட்டது திருமணப் பதிவுச் சான்றிதழ். கோயிலில் தாலி கட்டியதற்கு நானூறு பேர் சாட்சி இருக்கலாம், கல்யாண ஆல்பம் இருக்கலாம். 1982 மார்ச் 1-ஆம் தேதி திருமணச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு, பதிவதிகாரி அல்லது அந்த அதிகாரம் பெற்ற துணைப் பதிவாளர் முன்னால் நடந்து பதிவாக வேண்டும். சில கோயில்களில் அந்த அதிகாரம் பெற்றவர் இருக்கிறார், எல்லாக் கோயிலிலும் இல்லை. என் மாமியார் அந்தக் காலத்திலேயே பிடிவாதமாகப் பதிய வைத்ததால் தப்பினேன். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா மூன்று பிள்ளைகளோடு, பதியாத கல்யாணத்தை வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறார். புருஷன் உயிரோடு இருக்கும்போது இப்போதும் பதியலாம்: பதிவு இலாகாவில் இருவரும் விண்ணப்பம் கொடுத்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், பிறகு ஆறு மாதத்துக்குள் பதிவை முடிக்க வேண்டும். பேரப்பிள்ளை எடுத்த வயதில் வெட்கமாக இருக்கிறது என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டே போய்ப் பதிந்துவிட்டு வா என்றேன்.

அடுத்தது ஈபிஎஃப். நான் அதிகம் ஏமாந்தது இங்கே. அவர் 19 வயதில் தொழிற்சாலையில் சேர்ந்தபோது, பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுக்கும் பெனாமா இடத்தில் அம்மா பெயரைக் கொடுத்திருந்தார். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் மாற்றவில்லை. மாமியார் 2016-இல் தவறிவிட்டார். உறுப்பினருக்கு முன்னால் பெனாமா இறந்துவிட்டால் அந்த நியமனம் செல்லாது, பெனாமாவே இல்லாத கணக்கு மாதிரிதான். மாமியார் உயிரோடு இருந்திருந்தால் இன்னொரு விதம்: இஸ்லாம் அல்லாதவர்களுக்கு பெனாமாவே பணத்துக்கு உரியவர், ஆகவே முழுப் பணமும் அவருக்குத்தான் போயிருக்கும். முஸ்லிம்களுக்கு மட்டும் பெனாமா வாங்கிப் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகி. இது தெரியாமல் "நான் மனைவி, எனக்குத்தானே வரும்" என்று கவுண்டரில் நின்று வாதாடினேன். அந்தப் பெண் அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார், எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

கணக்கில் 64,000 வெள்ளி. பெனாமா இல்லாததால் முதலில் 2,500. இறந்து இரண்டு மாதம் கழித்து 17,500. மீதி 44,000-க்குச் சொத்துப் பங்கீட்டு உத்தரவுப் பத்திரம் கொண்டு வா என்றார்கள். இதைத் தவிர மரண உதவித்தொகை என்று தனியாக 2,500 உண்டு, உறுப்பினர் 60 வயதுக்குள் இறந்து, ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால். இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். நான் ஐந்தாம் மாதம் போய்த்தான் வாங்கினேன், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் போயிருக்கும்.

அந்த 44,000-க்காகத்தான் ஏஜென்ட் வந்தார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர், நன்றாகத் தமிழ் பேசினார், "ஒரே மாசத்துல முடிச்சுடலாம் தங்கச்சி" என்றார். 1,800 வெள்ளி, ரசீது இல்லை. இறப்புச் சான்றிதழின் அசலையும் கொடுத்தேன், அதுதான் பெரிய முட்டாள்தனம். மூன்று மாதம் போனை எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. போலிஸில் புகார் கொடுத்தேன், பணம் வரவில்லை. சான்றிதழின் இன்னொரு பிரதிக்கு மறுபடி பதிவு இலாகா. பாரம் நிரப்பத் தெரியாது என்ற பயத்தைத்தான் அவர் விலை பேசினார். பிறகு அதே பாரத்தை என் தோழியும் நானும் கேண்டீன் மேசையில் ஒன்றரை மணி நேரத்தில் நிரப்பினோம். அசலைக் கவுண்டரில் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைப் பைக்குள் போட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.

அந்த உத்தரவுக்கு எங்கே போவது என்பதில் ஒரு பிரிவு இருக்கிறது. இறந்தவருக்கு வீடு நிலம் எதுவும் இல்லாமல், பேங்க் பணம், ஈபிஎஃப், வண்டி மட்டும்தான், உயிலும் எழுதவில்லை, 6 லட்சம் வெள்ளிக்கு மேல் போகாது என்றால் பொது அறங்காவலர் நிறுவனமான அமானா ராயாவுக்குப் போகலாம். வீடோ நிலமோ இருந்தால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவு. உயில் இல்லாத சொத்து அன்றைக்கு இரண்டு மில்லியன் வெள்ளி வரை அங்கே முடியும், வக்கீல் தேவையில்லை. எங்களுக்கு அவர் பெயரில் ஒரு ரூமா மூரா (மலிவு விலை வீடு) இருந்ததால் இந்த வழி. பாரம் 'போராங் ஏ'. அதோடு இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வாரிசுகள் எல்லாருடைய ஐசி, பிள்ளைகளின் சூராட், நிலவரி ரசீது, ஈபிஎஃப், பேங்க் கணக்குக் காகிதங்கள். வீட்டுப் பட்டா கடன் கொடுத்த பேங்கிடம் இருக்கும், அதற்குப் பதில் நில அலுவலகத்திலேயே 'சாரியான்' (பதிவேட்டுத் தேடல் சான்று) எடுத்து வைக்கலாம். வீட்டையும் ஈபிஎஃப்பையும் பேங்க் கணக்கையும் வண்டியையும் ஒரே பாரத்தில் எழுதிவிட வேண்டும். விட்டுப்போனது பிறகு தெரிந்தால் அதற்கு 'போராங் பி' (ஆங்கில எழுத்து P) என்று அடுத்த விண்ணப்பம், அடுத்த காத்திருப்பு.

பங்கு எப்படி என்பதில்தான் குடும்பங்கள் உடைகின்றன. உயில் இல்லாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பேசும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் நாலில் ஒன்று மனைவிக்கு, நாலில் ஒன்று பெற்றோருக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பெற்றோர் இல்லையென்றால் மூன்றில் ஒன்று மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. அண்ணன் தம்பிகளுக்கு இதில் இடமே இல்லை, ஆனால் அதிகம் பேசுவது அவர்கள்தான். மாமனார் உயிரோடு இருந்ததால் 44,000-இல் அவருக்கு 11,000, எனக்கு 11,000, பிள்ளைகளுக்கு 22,000. அந்த மூன்று வரியை நில அலுவலக அதிகாரி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதைக் கொழுந்தனார்கள் முன்னால் வைத்த பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது. முதல் வாரத்திலேயே இது தெரிந்திருந்தால் எத்தனையோ பேச்சைத் தவிர்த்திருக்கலாம்.

நில அலுவலக விசாரணை 2024 ஜனவரியில். வாரிசுகள் எல்லாரும் நேரில் வர வேண்டும், வர முடியாதவர் 'போராங் டிடிஏ' என்ற சம்மதப் பாரத்தில் அதற்குரிய அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டும். மாமனாருக்கு வயது 78, நடக்கச் சிரமம், பாரமே போதும் என்றோம். அவர் கேட்கவில்லை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதிகாரி மலாயில் கேட்டதும் "வீடு பிள்ளைகளுக்கு, எனக்கு வேணாம்" என்று தமிழிலேயே சொன்னார். பால்மரம் சீவிய கை, பெருவிரலில் ரேகை தேய்ந்து போயிருந்தது. நீல மையில் மூன்று தடவை அழுத்தியும் சரியாக விழவில்லை, நான்காவது தடவை அதிகாரியே அவர் விரலைப் பிடித்து மெதுவாக உருட்டினார். மாமனார் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழ் என்பதால் அவர்கள் பங்குக்கு இரண்டு அறங்காவலர் வேண்டும் என்றார்கள். நானும் மூத்த நாத்தனாரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டாவது ஆள் யார் என்பதை முன்கூட்டியே பேசி வைத்து, அவரையும் அன்றைக்கே அழைத்துப் போங்கள். அதற்காக ஒரு தடவை திரும்பி வந்த குடும்பத்தை அன்றைக்குப் பக்கத்து நாற்காலியிலேயே பார்த்தேன்.

வீட்டுக் கடன் கதை சின்னது, ஆனால் வயிறு எரிகிற கதை. மாதம் 362 வெள்ளி கட்ட வேண்டும், வீடு போய்விடுமே என்று கடன் வாங்கி ஐந்து மாதம் கட்டினேன். பிறகுதான் பேங்க் அதிகாரி "எம்ஆர்டிஏ இருக்கிறதே, ஏன் கிளெய்ம் செய்யவில்லை" என்றார். வீட்டுக் கடன் வாங்கும்போதே எடுக்கும் காப்புறுதி அது, கடன்காரர் இறந்தால் மிச்சக் கடனைக் கட்டிவிடும். 2009-இல் போட்ட கையெழுத்து, கடன் கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கடன் அடைந்தது, நான் கட்டியதும் திரும்ப வந்தது, அந்த ஐந்து மாதம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதது மட்டும் வரவில்லை. எல்லா வீட்டுக் கடனிலும் இது இருக்காது. உங்கள் கடனில் இருக்கிறதா, யார் பெயரில், எத்தனை வருடத்துக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மே மாதம் 44,000-மும் பிரிந்து அவரவருக்குப் போனது. அதே வாரம் என் ஈபிஎஃப் கணக்கில் பிள்ளைகள் இருவர் பெயரையும் பாதிப் பாதியாகப் போட்டேன். ஐசியும் பிள்ளைகளின் ஐசி எண்ணும் போதும், கட்டணம் இல்லை, வரிசையில் நின்றதையும் சேர்த்து முக்கால் மணி நேரம்.

மோட்டார் சைக்கிள் மட்டும் இன்னும் அவர் பெயரில் வாசலில் நிற்கிறது. போராங் ஏ-யில் எழுத மறந்த ஒரே பொருள். ரோட் டேக்ஸ் முடிந்துவிட்டது, மூத்தவன் ஓட்டக் கேட்கிறான், நான் கொடுக்கவில்லை. போராங் பி நிரப்பி வைத்திருக்கிறேன், அடுத்த புதன்கிழமை கேண்டீனில் லீவு சொல்லியிருக்கிறேன்.